ஜப்பானியப் பள்ளி விளையாட்டு விழா: உதவி ஆசிரியராகப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஜப்பானின் பள்ளிகளில் ஆங்கில வகுப்புக்குத் துணை நிற்கும் வெளிநாட்டவரை ஏ.எல்.டி. என்பார்கள். உதவி மொழி ஆசிரியர் என்று பொருள். ஜப்பான் அரசு 1987-ல் தொடங்கிய ஜெட் என்ற ஆள்சேர்ப்புத் திட்டம் வழியாகச் சிலர் போகிறார்கள். இந்தியாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் அதில் ஆள் எடுக்கிறார்கள். தனியார் நிறுவனம் வழியாகவும் நகராட்சியின் நேரடி நியமனத்திலும் போகிறவர்கள் வேறு. எந்த வழியில் போனாலும் முதல் ஆண்டில் எல்லாரையும் திணற வைப்பது பள்ளி விளையாட்டு விழாதான். அதைப் பற்றித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில்.

நம் ஊர் ஸ்போர்ட்ஸ் டே மாதிரிதானே?

பெயர்தான் ஒன்று. நம் பள்ளிகளில் ஓடத் தெரிந்தவன் ஓடுவான், மற்றவர்கள் நிழல் தேடுவார்கள். அங்கே ஒரு பிள்ளைகூடச் சும்மா உட்கார முடியாது. தொடக்கப் பள்ளியில் இது உந்தோகாய். நடுநிலை, உயர்நிலைப் பள்ளிகளில் பெரும்பாலும் தாயிகுசாய். தொடக்கப் பள்ளியில் ஒவ்வொரு வகுப்புக்கும் ஓர் ஓட்டம், ஒரு கூட்டு விளையாட்டு, ஒரு நடனம் என்று மூன்று நிகழ்ச்சிகளாவது இருக்கும். ஒலிபெருக்கியில் அறிவிப்பது, கருவிகளைத் தூக்கி வைப்பது, மதிப்பெண் எழுதுவது எல்லாம் மேல் வகுப்புப் பிள்ளைகளின் பொறுப்பு. தனிநபர் பதக்கம் அபூர்வம். கோப்பையும் கொடியும் அணிக்குத்தான். இலங்கைப் பள்ளிகளின் இல்ல விளையாட்டுப் போட்டியைப் பார்த்தவர்களுக்கு அந்த அணிச்சூடு கொஞ்சம் பிடிபடும்.

இதன் தொடக்கம் 1874. தோக்கியோவின் த்சுகிஜியில் இருந்த கடற்படைப் பள்ளியில் பிரிட்டிஷ் பயிற்றுநர்கள் நடத்திய போட்டியைத்தான் முதல் விழாவாகச் சொல்வார்கள். 1885-ல் கல்வி அமைச்சரான மோரி அரினோரி பள்ளிகளில் அணிவகுப்புப் பயிற்சியைப் புகுத்தினார். இன்றும் பிள்ளைகள் வரிசையாகக் கால் எடுத்து வைத்துத்தான் திடலுக்குள் வருகிறார்கள்.

எந்த மாதம்?

மே, ஜூன் அல்லது செப்டம்பர், அக்டோபர். ஹொக்கைதோவில் மே கடைசியும் ஜூனும். 1964 தோக்கியோ ஒலிம்பிக் தொடங்கிய அக்டோபர் 10-ஐ 1966 முதல் உடற்பயிற்சி நாளாக விடுமுறை ஆக்கினார்கள். 2000 முதல் அது அக்டோபர் இரண்டாம் திங்களுக்கு மாறியது. அந்தப் பழக்கத்தில் பல பள்ளிகள் இலையுதிர் காலத்தை விடவில்லை. ஆனால் செப்டம்பர் பயிற்சி வெயிலில் பிள்ளைகள் சுருண்டு விழுவதால் மே மாதத்துக்கு மாறிய பள்ளிகளும் ஏராளம். கொரோனாவுக்குப் பிறகு அரை நாளோடு முடிப்பதும் பரவிவிட்டது. உங்கள் பள்ளி எந்த ரகம் என்பதை ஏப்ரலில் தரும் ஆண்டு அட்டவணையிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏன் எப்போதும் சிவப்பும் வெள்ளையும்?

1180 முதல் 1185 வரை நடந்த கென்பெய் போரில் தாய்ரா குலத்தின் கொடி சிவப்பு, மினமோதோ குலத்தின் கொடி வெள்ளை. அணி பிரிப்பது இன்றும் அதே நிறங்களில்தான். தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளின் தொப்பி ஒரு பக்கம் சிவப்பு, திருப்பிப் போட்டால் வெள்ளை. பெரிய பள்ளிகளில் நீலம், மஞ்சள், பச்சை என்று கூடும், தலையில் அந்த நிற ஹச்சிமாகி நாடாவைக் கட்டுவார்கள். உங்களுக்கும் ஒரு நாடா தந்தால் கட்டிக்கொள்ளுங்கள். எந்த அணியிலும் சேர்க்கவில்லை என்றால் இரண்டு பக்கமும் கத்துங்கள். ஒரே பக்கம் கத்தினால் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் அதை மறக்கவே மாட்டார்கள்.

விழாவுக்கு முன் என் வகுப்புகள் என்ன ஆகும்?

பாதி காணாமல் போகும். மூன்று, நான்கு வாரங்களுக்குப் பயிற்சிதான் ராஜா. கால அட்டவணை நாள்தோறும் மாறும், மாற்றத்தை ஆசிரியர் அறை வெண்பலகையில் ஜப்பானிய மொழியில் கிறுக்கியிருப்பார்கள். காலையில் வந்ததும் அதைப் படம் எடுத்து, புரியாததைப் பக்கத்து மேசையில் கேளுங்கள். வகுப்பு ரத்தானால் மேசையிலேயே இருந்துவிடாதீர்கள். தொப்பி போட்டுக்கொண்டு திடலுக்குப் போங்கள். கட்டளைச் சொற்கள் காதில் ஏற அதுதான் வழி: கியோத்சுகே என்றால் நேராக நில், யாசுமே என்றால் தளர்ந்து நில், மாயே நராயே என்றால் கையை முன்னே நீட்டி இடைவெளி பிடி, ரெய் என்றால் தலை வணங்கு.

ஒரு வாரம் முன்பு யோகோ என்ற முழு ஒத்திகை நடக்கும். நிகழ்ச்சிகளின் நிரலும் பொறுப்புப் பட்டியலும் அதற்குள் அச்சாகிவிடும். அதில் உங்கள் பெயர், வெளிநாட்டுப் பெயர்களை எழுதும் கத்தகானா எழுத்தில் இருக்கும். தேடிக் கண்டுபிடித்து வண்ணம் தீட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு என்ன வேலை தருவார்கள்?

பெரும்பாலும் கருவிக் குழு, அல்லது முடிவுக்கோட்டில் ரிப்பன் பிடிப்பது, அல்லது ஓடி முடித்த பிள்ளைகளை 1, 2, 3 என்று எழுதிய கொடிகளுக்குப் பின்னால் உட்கார வைப்பது. கடைசி வேலை எளிது போலத் தோன்றும். மார்பில் ரிப்பன் பட்ட கணத்தில் யார் முதல், யார் இரண்டாவது என்று முடிவு சொல்வது நடுவர். நீங்கள் அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்துச் சரியான கொடிக்குக் கொண்டு போக வேண்டும். ஆறு பேர் ஓடினால் ஆறு வினாடிகூடக் கிடைக்காது. ஒரு பிள்ளையை மட்டும் பாருங்கள், உங்களுக்கு ஒதுக்கிய எண்ணை மட்டும். எல்லாரையும் பார்த்தால் எல்லாம் குழம்பும்.

வேலையே தரவில்லை என்றால் கேட்டு வாங்குங்கள். விருந்தாளிக் கூடாரத்தில் உட்கார வைப்பது மரியாதையாக இருக்கலாம். ஆனால் மாலையில் ஆசிரியர் அறையில் மற்ற எல்லார் முகத்திலும் புழுதி, உங்கள் முகம் மட்டும் பளிச்சென்று இருந்தால் அந்த ஆண்டு முழுக்க நீங்கள் விருந்தாளிதான்.

ஓர் எச்சரிக்கை. ஒப்பந்தப் பணி முறையில் தனியார் நிறுவனம் வழியாக வந்தவர்களுக்குப் பள்ளி நேரடியாக வேலை ஏவச் சட்டம் இடம் தராது, நிறுவனம் வழியாகத்தான் சொல்ல வேண்டும். துணைத் தலைமை ஆசிரியரான கியோதோ சென்செய் தயங்குவது அதனால் இருக்கலாம், உங்களை வேண்டாம் என்பதால் அல்ல. முன்கூட்டியே நிறுவனத்திடம் கேட்டுவிடுங்கள்.

முந்தின நாள் என்ன நடக்கும்? கூடாரம் தூக்கத் தெரியாதே.

இதில்தான் அதிகம் பேர் கை நசுக்கிக்கொள்கிறார்கள். வழக்கமான கூடாரம் சுமார் 3.6 மீட்டர் அகலம், 5.4 மீட்டர் நீளம், ஆறு கால். குழாய்களில் எண்ணோ வண்ணப் பட்டையோ ஒட்டியிருக்கும், முதலில் அதைப் பார்த்துத் தரையில் பரப்புங்கள். கால்களை நிமிர்த்தாமல் மடக்கி வைத்தபடியே கூரைச் சட்டத்தைப் பூட்ட வேண்டும். தரை மட்டத்திலேயே துணியைப் போர்த்தி, நாடாக்களைக் கட்ட வேண்டும். அதன் பிறகு ஒரு நீளப் பக்கத்தின் மூன்று கால்களை ஒரே நேரத்தில் நிமிர்த்தி, அடுத்து மறுபக்கம். தூக்கும்போது "செ, நோ!" என்பார்கள். நம் ஐலசாதான். அந்த "நோ"வில் தூக்க வேண்டும், "செ"யில் தூக்கினால் உங்கள் மூலை மட்டும் எகிறும். கால் மடங்கும் மூட்டில் விரல் வைக்காதீர்கள், குழாயை மூட்டுக்குக் கீழே பிடியுங்கள். நின்றதும் ஒவ்வொரு காலிலும் மணல் மூட்டையோ முளைக்கம்பியோ. இதை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்ட கூடாரம்தான் இரவுக் காற்றில் பறந்து வேலியில் தொங்கும்.

திடல் மண் தரை. புல் கிடையாது. தோம்போ என்ற அகலப் பலகை வாருகோலால் சமன் செய்து, தண்ணீர் தெளித்து, அதன் மேல் வெள்ளைக்கோடு போடுவார்கள். கயிறு கட்டி, அதை ஒட்டியே கோடு வண்டியைத் தள்ளுங்கள். கண் தரையில் இருந்தால் கோடு வளையும், பத்து மீட்டர் தள்ளிப் பார்வையை வையுங்கள். முன்பு நீற்றுச் சுண்ணாம்பு இருந்தது. கண்ணைப் புண்ணாக்கும் என்பதால் 2007-ல் கல்வி அமைச்சகம் அதைத் தவிர்க்கச் சொல்லி, இப்போது கால்சியம் கார்பனேட் தூள்தான். எதுவானாலும் கண்ணில் பட்டால் கசக்காதீர்கள், குழாயடிக்குப் போய் நிறையத் தண்ணீர் விடுங்கள்.

கோட்டின் திருப்பங்களில் அடையாளத்துக்கு ஆணி அடித்து வைப்பதுண்டு. 2023-ல் தோக்கியோவின் சுகினாமி வட்டாரத்தில் ஒரு பிள்ளை தரையில் நீட்டிக்கொண்டிருந்த ஆணி கிழித்துப் பலத்த காயம் அடைந்தது. தேடியபோது பழைய ஆணிகள் மலை மலையாகக் கிடைத்தன. அடித்த ஆணி எத்தனை என்று எழுதி வைத்து, விழா முடிந்ததும் அத்தனையும் எண்ணிப் பிடுங்குவது இப்போது நல்ல பள்ளிகளின் வழக்கம். உங்கள் பள்ளியில் அது இல்லை என்றாலும் நீங்கள் அடித்ததை நீங்கள் எண்ணுங்கள்.

உடை? கையில் என்ன கொண்டு போக?

ஜெர்சி எனப்படும் விளையாட்டு உடை, அகல விளிம்புத் தொப்பி, கழுத்துக்குத் துண்டு, சூரியக் களிம்பு, இரண்டு லிட்டர் குடிநீர் அல்லது பார்லித் தேநீர், உப்பு மிட்டாய். பழகிய ஓட்டக் காலணிதான் வேண்டும், அன்றைக்குப் புதிது போடக் கூடாது. உட்புறக் காலணியைத் தனியாக வையுங்கள். அன்று நாற்பது முறை உள்ளே வெளியே போவீர்கள். மாற்றுச் சட்டை ஒன்று. வெள்ளைத் தூளும் செம்மண்ணும் வேர்வையும் சேர்ந்தால் கருப்பு உடைகூடத் தப்பாது.

நான் சைவம். மதியம் என்ன சாப்பிடுவது?

அன்று பள்ளி மதிய உணவு கிடையாது. ஆசிரியர்களுக்கு ஒரே கடையில் பெந்தோ என்ற உணவுப் பெட்டி சொல்லிப் பணம் பிரிப்பார்கள். அதில் பொரித்த கோழியோ மீனோ கட்டாயம். காய்கறி மட்டும் தெரியும் பெட்டியில்கூடச் சோற்றிலும் கீரையிலும் மீன் சாறு இருக்கலாம். ஒரு வாரம் முன்பே "எனக்கு வேண்டாம், நானே கொண்டு வருகிறேன்" என்று சொல்லிவிடுவது எல்லாருக்கும் நல்லது. புளியோதரையும் எலுமிச்சைச் சோறும் அந்த வெயிலைத் தாங்கும். தேங்காய் சேர்த்த எதையும் கூடாரத்தில் வைக்காதீர்கள்.

மழை வந்தால்?

காலை ஆறு மணி வாக்கில் செய்தி வரும். சில ஊர்களில் இன்னும் வாண வேட்டு விடுவார்கள். வேட்டுச் சத்தம் கேட்டால் விழா உண்டு. மற்ற இடங்களில் மின்னஞ்சலும் செயலியும். சனிக்கிழமை தவறினால் ஞாயிறு, அதுவும் தவறினால் வார நாள். இதில் ஒரு கண்ணி இருக்கிறது: விழா தள்ளிப்போய் அன்றே பாடம் நடத்தும் பள்ளிகள் உண்டு. மதிய உணவு வராது, ஆனால் வகுப்பு இருக்கும். அதனால் வானம் மூடியிருக்கும் காலையில் பெந்தோவையும் பாடக் குறிப்பையும் இரண்டையும் எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.

தொடக்க நிகழ்ச்சியில் நான் எங்கே நிற்பது?

ஆசிரியர் வரிசையின் கடைசியில். அணிவகுப்பு, கொடியேற்றம், தலைமை ஆசிரியர் உரை, போன ஆண்டு வென்ற கொடியைத் திருப்பி ஒப்படைத்தல், இரு அணித் தலைவர்களின் உறுதிமொழி. பிறகு உடற்பயிற்சி. பல பள்ளிகளில் அது ராஜியோ தாய்சோ. 1928-ல் வானொலியில் தொடங்கியது, இப்போதைய முதல் தொகுப்பு 1951-ல் வந்தது, 13 அசைவு, மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல். ஊரே மனப்பாடமாகச் செய்யும்போது நீங்கள் மட்டும் அரை வினாடி பின்னால் இருப்பது தூரத்திலிருந்தும் தெரியும். ஒரு வாரம் வீட்டில் செய்து பாருங்கள், போதும்.

எந்தப் போட்டிகள் இருக்கும்? எதில் ஆபத்து?

நேர் ஓட்டத்தில் பிள்ளைகளைப் பெரும்பாலும் 50 மீட்டர் நேரத்தை வைத்துச் சமமான குழுவாகப் பிரிப்பார்கள். எல்லாரும் கைகோத்து ஒன்றாக முடிப்பார்கள் என்று இணையத்தில் சுற்றும் கதையை நம்பிப் போகாதீர்கள். நன்றாகவே போட்டி போடுவார்கள், தோற்றவர்கள் நன்றாகவே அழுவார்கள்.

தமாயிரே என்பது கம்பத்தின் மேல் கூடையில் துணிப்பந்து எறிவது. ஒவ்வொன்றாக மேல்கையில் எறிவதைவிட இரண்டு மூன்றைச் சேர்த்துக் கீழ்க்கையில் வீசினால் அதிகம் விழும். எண்ணும்போது நடுவர் பந்தை ஒவ்வொன்றாக வானில் எறிய, திடலே சேர்ந்து எண்ணும். அந்த வேலை கிடைத்தால் உயரமாக, நிதானமாக எறியுங்கள். வேகமாக எறிந்தால் எண்ணிக்கை தவறும். ஹொக்கைதோவின் வஸ்ஸாமு என்ற சிற்றூரில் இதை 4.12 மீட்டர் உயரக் கூடையோடு பெரியவர்கள் ஆடும் தேசியப் போட்டியாகவே நடத்துகிறார்கள்.

கயிறு இழுத்தலில் கயிற்றைக் கையிலோ இடுப்பிலோ சுற்றக் கூடாது, பிள்ளைகள் சுற்றினால் உடனே அவிழ்க்கச் சொல்லுங்கள். விரல் போய்விடும். முடிந்த விசில் கேட்டதும் கயிற்றைச் சட்டென்று விடாமல் எல்லாரும் சேர்ந்து தரையில் வைக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் விட்டால் எதிர்ப்பக்கம் சீட்டுக்கட்டுபோல விழும். இழுக்கும் கூச்சல் "ஓ-எஸ்".

கிபாசென் என்ற குதிரைப்படை ஆட்டத்தில் மூவர் குதிரை, மேலே ஒருவர் வீரர். எதிரியின் தொப்பியைப் பறித்தால் வெற்றி. சுற்றிலும் காவலுக்கு உங்களை நிறுத்தினால் தொப்பியைப் பார்க்காதீர்கள். மேலே இருக்கும் பிள்ளையின் தலையையும் தோளையும் மட்டும் பாருங்கள். சாயத் தொடங்கியதும் கையை இழுக்காமல் அக்குளுக்குக் கீழே தாங்குங்கள்.

பொருள் கடன் வாங்கும் ஓட்டம் ஒன்று உண்டு. சீட்டை எடுத்து, அதில் எழுதியிருப்பதைப் பார்வையாளரிடமிருந்து கொண்டு ஓட வேண்டும். "கண்ணாடி போட்டவர்", "ஆங்கில ஆசிரியர்" என்றெல்லாம் சீட்டு வரும். காலணி நாடாவை இறுக்கிக் கட்டி வையுங்கள், எந்த நிமிடமும் ஒரு குட்டிக்கை உங்களை இழுக்கும்.

ஆசிரியர் தொடர் ஓட்டத்தில் என்னை ஓடச் சொல்கிறார்கள்.

ஓடுங்கள். ஆனால் பதினைந்து நிமிடம் உடம்பைச் சூடேற்றாமல் ஓடாதீர்கள். ஒவ்வோர் ஆண்டும் வளைவில் விழுவது வேகம் குறைந்தவர்கள் அல்ல, ஒரு காலத்தில் வேகமாக ஓடியவர்கள். மனம் பழைய வேகத்தில் போகும், கால் வராது. வளைவில் எட்டைச் சுருக்குங்கள், உடலை உள்பக்கம் லேசாகச் சாயுங்கள்.

விதிகளில் வெளிநாட்டவர் தடுமாறுவது ஒன்றில்தான். ஆளுக்கு அரைச் சுற்று, ஆங்கர் எனப்படும் கடைசி ஆள் மட்டும் தோளில் பட்டை மாட்டி முழுச் சுற்று. குச்சி வாங்கக் காத்திருப்பவர்கள் தங்கள் அணி வளைவைக் கடக்கும் வரிசைப்படி உள்பக்கத்திலிருந்து நிற்க வேண்டும். அணி இரண்டாவதாக வந்தால் நீங்களும் இரண்டாவது இடத்துக்கு நகர வேண்டும். நின்ற இடத்திலேயே நின்றால் மோதல்தான். குச்சியைக் கொடுத்ததும் மற்றவர்கள் கடக்கும்வரை பார்த்துவிட்டு உள்பக்கமாக விலகுங்கள்.

மனிதப் பிரமிடு இன்னும் கட்டுகிறார்களா?

மிகக் குறைவு. 2015-ல் ஒசாகா மாகாணத்து யாவோ நகரில் ஒரு பள்ளியில் பத்தடுக்குப் பிரமிடு சரிந்து மாணவர்கள் காயப்பட்ட காணொளி நாட்டை உலுக்கியது. 2016-ல் அரசின் விளையாட்டு முகமை பாதுகாப்பை உறுதி செய்ய முடியாவிட்டால் நடத்தாதீர்கள் என்று அறிவித்தது. பல பள்ளிகள் அதை விட்டு நடனத்துக்கு மாறின. ஹொக்கைதோ மீனவர் பாட்டுக்கு ஆடும் சோரான், ஒகினாவாவின் எய்சா. சோரானுக்கு முழங்காலைத் தாழ மடக்கி ஆட வேண்டும். சேர்ந்து ஆடச் சொன்னால் மறுநாள் படிக்கட்டு ஏறுவது சிரமம்.

வெயிலில் எப்போது நிறுத்துவார்கள்?

ஈரப்பதம், வெயில், காற்று வெப்பம் மூன்றையும் சேர்த்த வெப்பச் சுட்டெண்ணைப் பார்ப்பார்கள். 28-ஐத் தாண்டினால் கடும் ஓட்டங்கள் தவிர்ப்பு, 31-ஐத் தாண்டினால் உடற்பயிற்சியே நிறுத்தம் என்பது பொது வழிகாட்டல். 31 என்றதும் சென்னைக்காரர் சிரிக்க வேண்டாம். வெப்பமானியில் அது ஏறக்குறைய 35 டிகிரி நாளுக்குச் சமம், மரநிழல் இல்லாத மண் திடலில்.

பிள்ளை தள்ளாடினால் முதலில் பள்ளிச் செவிலி ஆசிரியரைக் கூப்பிடுங்கள், ஹோகென் நோ சென்செய் என்று கத்தினால் போதும். நிழலுக்குக் கொண்டுபோய் உடையைத் தளர்த்தி, கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் குளிர்ச்சி வையுங்கள். தானே பிடித்துக் குடிக்க முடிந்தால் மட்டும் குடிக்கக் கொடுங்கள். பேச்சு குழறினால் ஆம்புலன்ஸுக்கு 119-ஐ அழையுங்கள்.

படம் எடுத்துப் போடலாமா?

எடுக்கலாம், போடக் கூடாது. பிள்ளைகளின் மார்பில் பெயரும் வகுப்பும் தைத்திருக்கும். நாடாக் கட்டிய உங்கள் முகத்தை மட்டும் வீட்டுக்கு அனுப்புங்கள்.

சனிக்கிழமை வேலை பார்த்ததற்கு ஈடு உண்டா?

உண்டு, பெரும்பாலும் திங்கள் விடுமுறை. ஆனால் இரண்டு மூன்று பள்ளிகளுக்குப் போகிறவர்கள் கவனிக்க வேண்டும்: விழா நடத்திய பள்ளிக்குத் திங்கள் விடுமுறை, உங்கள் அட்டவணைப்படி அன்று வேறு பள்ளி. ஈட்டு நாள் எந்தத் தேதி என்று விழாவுக்கு முன்பே எழுத்தில் வாங்குங்கள்.

முடிந்ததும் கிளம்பிவிடலாமா?

புள்ளிப் பலகையின் கடைசி எண்களைப் பெரும்பாலும் மூடி வைத்திருப்பார்கள். முடிவு அறிவித்து, கொடி கைமாறி, பெற்றோர் கலைந்த பிறகுதான் இன்னொரு வேலை தொடங்கும். கூடாரங்கள் ஏற்றிய முறையின் தலைகீழில் இறங்கும். பிள்ளைகள் வகுப்பிலிருந்து தூக்கி வந்த நாற்காலிகளின் கால்களைத் துணியால் துடைத்து உள்ளே கொண்டுபோவார்கள். வாசலில் ஒரு வாளியும் துணியும் வைத்துக்கொண்டு நிற்பது நல்ல வேலை, மொழி தேவைப்படாது. எதிர்ப்படும் ஒவ்வொருவரிடமும் "ஓத்சுகாரேசமா தேஷ்தா" சொல்லுங்கள், உங்கள் உழைப்புக்கு நன்றி என்று பொருள்.

மாலையில் ஆசிரியர்கள் விருந்துக்குப் போவார்கள். தலைக்குச் சுமார் 4,000 முதல் 6,000 யென் ஆகும், சைவம் என்பதை அங்கேயும் முன்பே சொல்ல வேண்டும். குடிக்காதவர்கள் ஊலாங் தேநீரோடு கோப்பை உயர்த்தலாம், யாரும் கேட்க மாட்டார்கள். காரில் வந்து குடித்தவர்கள் வண்டியை அங்கேயே விட வேண்டும், அல்லது தாய்கோ என்ற மாற்று ஓட்டுநர் சேவையை அழைக்க வேண்டும். ஒரு மிடறு குடித்தாலும் ஓட்டக் கூடாது, வேலையே போகும்.